தாடை நகர்ந்தால் மூச்சுக்கு வழி

அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுத்ததும் மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு ஒரு வேலை செய்வார். காதுக்குக் கீழே தாடை வளையும் இடத்தில் இரு கை விரல்களையும் கொடுத்து, கீழ்த்தாடையை முன்னால் தூக்கிப் பிடிப்பார். மயக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடும். தாடையை முன்னே கொண்டுவந்தால் நாக்கும் கூடவே வரும், மூச்சு சீராகும். சில நிமிடங்களுக்குக் கையால் செய்யும் இந்தக் காரியத்தை இரவு முழுக்கச் செய்ய ஒரு கருவி இருக்கிறது. அதைச் செய்து தருபவர் பல் மருத்துவர். பயன்படுத்துபவர்கள், ஸ்லீப் ஆப்னியா எனப்படும் தூக்க மூச்சுத்தடை உள்ளவர்கள்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது எல்லோருக்கும் இயல்பு. உடல் பருமன், சிறிய கீழ்த்தாடை, பெரிய டான்சில் போன்ற காரணங்களால் சிலருக்கு மூச்சுப்பாதை முன்பே குறுகியிருக்கும். அதன் வழியே நெருக்கிக்கொண்டு போகும் காற்று சதையை அதிரவைப்பதுதான் குறட்டை. பாதை முழுதும் ஒட்டிக்கொண்டு 10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது ஆப்னியா. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை ஒரு கணம் விழித்து, தசைகளை இறுக்கிப் பாதையைத் திறக்கும். தூங்குபவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. குறட்டை திடீரென்று நின்று, பிறகு திணறலோடு மூச்சு திரும்புவதைப் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் கவனிப்பார்.

மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்பதை வைத்து மருத்துவர்கள் நோயை அளக்கிறார்கள். 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால், ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 முறை. அப்படிப்பட்டவர் காலையில் தலைவலியோடு எழுவதிலும், பட்டப்பகலில் வண்டி ஓட்டும்போது கண் செருகுவதிலும் வியப்பில்லை. உயர் ரத்த அழுத்தமும் பலருக்கு இந்த நோயோடு சேர்ந்தே வருகிறது.

சிட்னியைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் அறிமுகப்படுத்திய சிபேப் இயந்திரம்தான் இதற்கு முதன்மையான சிகிச்சை. முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தி, தொண்டை ஒட்டாமல் அது பார்த்துக்கொள்ளும். மூச்சுத்தடையைக் குறைப்பதில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் முகத்தில் மூடியும் குழாயுமாகத் தூங்கப் பலரால் முடிவதில்லை. சில வாரங்களில் இயந்திரம் அலமாரிக்குப் போய்விடுகிறது.

வாய்க்கருவி பயன்படுவது இங்கேதான். தாடையை முன்னே நகர்த்தி மூச்சுக்கு வழி செய்யலாம் என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு மருத்துவர் பியர் ரோபன் கண்டிருந்தார். தாடை சிறுத்து நாக்கு பின்னால் விழும் குழந்தைகளைப் பற்றி எழுதியவர் அவர். 1982இல் அமெரிக்காவின் ரோசலிண்ட் கார்ட்ரைட், சார்ல்ஸ் சாமெல்சன் இருவரும் நாக்கையே உறிஞ்சி முன்னால் பிடித்துவைக்கும் மென்மையான குமிழ் ஒன்றை இந்த நோய்க்குச் சோதித்து வெளியிட்டார்கள். இன்று பரவலாகப் பயன்படுவது தாடையை நகர்த்தும் வகை.

மேல்பல் வரிசைக்கு ஒன்று, கீழ்ப்பல் வரிசைக்கு ஒன்று என இரண்டு கவசங்கள். இரண்டையும் இணைக்கும் திருகோ பட்டையோ கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும். நாக்கின் முக்கியத் தசை முகவாய்க்கு நேர் பின்னால் தாடை எலும்பில் ஒட்டியிருப்பதால், தாடை போகும் திசையில் நாக்கும் போகிறது. நாக்கையும் மென்னண்ணத்தையும் இணைக்கும் சதைகளும் இழுபட்டு, தொண்டை பக்கவாட்டிலும் அகலமாகிறது. கீழ்த்தாடையை முன்னால் நீட்டிக்கொண்டு குறட்டை ஒலி எழுப்பிப் பாருங்கள், எளிதில் வராது.

பல் மருத்துவர் முதலில் பற்களுக்கு அளவெடுப்பார். தாடையை அதிகபட்சம் எவ்வளவு நீட்ட முடியும் என்று பார்ப்பார். ஒருவரால் 10 மில்லிமீட்டர் முடிந்தால், ஏறக்குறைய 5 மில்லிமீட்டரில் தொடங்குவார். பிறகு சில வாரங்களுக்குத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, குறட்டையும் பகல் தூக்கமும் குறையும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். தாடை வலித்தால் பின்வாங்க வேண்டும். இந்தச் சரிபார்ப்புதான் சிகிச்சையின் உயிர். வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் ஆயத்தக் கவசங்கள் இதற்கு ஈடாகாது.

பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. லேசான, நடுத்தர நோய்க்கும், அதிகப் பருமன் இல்லாதவர்களுக்கும், மல்லாந்து படுக்கும்போது மட்டும் மூச்சுத்தடை கூடுபவர்களுக்கும் நன்றாக உதவுகிறது. சிலருக்குப் போதிய பயன் கிடைப்பதில்லை. இருந்தும், சிபேப்பைவிட அதிக மணி நேரம் அணியப்படுவதால், பகல் தூக்கம், ரத்த அழுத்தம் போன்றவற்றில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்ததாக ஒப்பீட்டு ஆய்வுகள் கூறுகின்றன. சிபேப் ஒத்துக்கொள்ளாத அல்லது வேறு வழி விரும்பும் பெரியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்று 2015இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகளும் வழிகாட்டின.

விலையும் உண்டு. தொடக்கத்தில் எச்சில் ஊறும், அல்லது வாய் உலரும். காலையில் தாடை பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் அணிந்தால் மேல் முன்பற்கள் பின்னாலும் கீழ் முன்பற்கள் முன்னாலும் சாய்ந்து, கடி மாறக்கூடும். கருவியைப் பிடித்து நிறுத்தப் போதிய பற்கள் வேண்டும். ஆட்டம் காணும் பற்களோ தீராத தாடை மூட்டு வலியோ உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. மூளையே மூச்சுக்கு ஆணையிடத் தவறும் வகை ஆப்னியாவில் இதனால் பயனில்லை.

குறட்டை நின்றதாலேயே நோய் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஓசை அடங்கியும் மூச்சுத்தடை தொடரலாம். எனவே தூக்கப் பரிசோதனை செய்து நோயை உறுதிப்படுத்திய பிறகே பல் மருத்துவரிடம் செல்லுங்கள். கருவி பொருந்தியதும், அதை அணிந்தபடியே இன்னொரு முறை பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.