உள்நோக்கி வளரும் இமைமுடி: மீண்டும் வந்தால் எந்த அறுவைச் சிகிச்சை?

கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், நீர் வடிதல், வெளிச்சம் கூசுதல். இத்தொல்லைகளோடு வருவோரில் சிலருக்கு, வெளிப்புறமாக வளைய வேண்டிய இமைமுடி உள்ளே திரும்பிக் கருவிழியை உரசிக்கொண்டிருக்கும். உரசல் நீடித்தால் கருவிழியில் புண்ணும் தழும்பும் உண்டாகிப் பார்வை குறையக்கூடும்.

முடியைப் பிடுங்கினால் அப்போதைக்கு நிம்மதி. சில வாரங்களில் மீண்டும் முளைத்துவிடும். பாதியில் ஒடிந்த முடி இன்னும் கூர்மையாகக் குத்தும். இரண்டு மூன்று முடிகளே எனில், மின்சார ஊசியால் வேரைக் கருக்கலாம். ஒரே இடத்தில் பல முடிகள் இருப்பின் உறைகுளிர் சிகிச்சை உதவும். ஆனால் அது அருகிலுள்ள நல்ல முடிகளையும் அழிக்கும், நம் மாநிறத் தோலில் வெளிறிய திட்டையும் விட்டுச்செல்லலாம்.

இமை விளிம்பே உள்ளே மடிந்திருந்தால் இவற்றால் பயனில்லை. விளிம்பைத்தான் திருப்ப வேண்டும். ட்ரக்கோமா நோயின் தழும்பால் மடிந்த மேலிமைக்கு இரு முறைகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்றில், தோல் முதல் இமைத்தகடு வரை முழுத் தடிமனும் வெட்டப்பட்டு விளிம்பு வெளிப்புறம் திருப்பித் தைக்கப்படும். மற்றதில், இமையைப் புரட்டி உட்புறமாக இமைத்தகட்டை மட்டும் வெட்டித் திருப்புவர். தோலில் வெட்டு இராது. எத்தியோப்பியாவில் 1,000 பேரிடம் இவற்றை ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் முதல் முறையில் 22 விழுக்காட்டினருக்கும், இரண்டாவதில் 13 விழுக்காட்டினருக்கும் தொல்லை திரும்பியது. அவர்கள் முதன்முறையாக அறுவை செய்துகொண்டவர்கள். ஏற்கெனவே தையல் கண்ட இமைக்கு இக்கணக்கை அப்படியே பொருத்த இயலாது.

இந்தியாவில் ட்ரக்கோமா பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலை ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் 2024-இல் அறிவித்தது. முதுமையில் கீழிமை தளர்தல், இமை விளிம்பின் நாள்பட்ட அழற்சி, கடும் மருந்து ஒவ்வாமை, கண்ணில் சுண்ணாம்பு தெறித்தல் ஆகியனவும் இதற்குக் காரணங்களே. தளர்ந்த இமையை இறுக்கித் தைத்தாலே பெரும்பாலும் போதும்; முடியைத் தொடவே வேண்டியிராது. தழும்பேறிய இமையில் முடி மீண்டும் மீண்டும் திரும்பினால், விளிம்பை இரு அடுக்காகப் பிரித்து, முடியுள்ள முன்னடுக்கை மேலே நகர்த்தி, இடைவெளியில் உதட்டின் உட்புறச் சவ்வை ஒட்டுவதை நான் விரும்புகிறேன். நேரம் கூடுதலாகும், உதட்டில் சில நாள் எரிச்சல் இருக்கும். எனினும் கருவிழியைத் தொடும் பகுதி வழவழப்பாகிவிடும்.

பரிசோதனைக்கு முந்தைய நாள் முடியைப் பிடுங்கிவிட்டு வராதீர்கள். அது எங்கிருந்து முளைக்கிறது என்பதை நாங்கள் பார்த்தாக வேண்டும். பழைய அறுவைச் சிகிச்சைக் குறிப்புகளைக் கொண்டுவாருங்கள். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதைத் தாமாக நிறுத்தாமல் முன்கூட்டியே தெரிவியுங்கள். கண் சிவந்து வலித்தாலோ, கருவிழியில் வெண்புள்ளி தென்பட்டாலோ முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே வாருங்கள்.