வேலியிலே சர்க்கரைக்கொல்லி, மண்ணிலே வேரழுகல் கொல்லி

நிலக்கடலையையும் உளுந்தையும் நம்பிப் பிழைக்கும் புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகளை இரண்டு நோய்கள் வாட்டுகின்றன. ஒன்று பயிரின் வேரில் வருவது. மற்றொன்று விவசாயியின் இரத்தத்தில் வருவது. முன்னது வேரழுகல், பின்னது நீரிழிவு. இரண்டுக்கும் "பச்சிலையே போதும்" என்று அடித்துச் சொல்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "பச்சிலையாவது ஒன்றாவது, கடை மருந்துதான் கேட்கும்" என்பவர்களும் இருக்கிறார்கள். ஆராய்ச்சியில் தெரிய வந்ததைப் பார்த்தால் இரு சாராருமே பாதிதான் சரி. எது எங்கே, எந்த அளவில் கேட்கும் என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் வேலியைப் பார்ப்போம். புன்செய்க் காட்டு வேலிகளிலும் புதர்களிலும் படரும் சிறுகுறிஞ்சான் கொடிக்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் பெயர். இதன் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலைப் போட்டது போல் இருக்கும், இனிப்பே தெரியாது. உதகமண்டலத்தில் அரசாங்க வேதியியலாளராக இருந்த டேவிட் ஹூப்பர் என்ற ஆங்கிலேயர் இந்த இலையை ஆராய்ந்து, அதிலுள்ள சத்துக்கு ஜிம்னீமிக் அமிலம் என்று 1887-ல் பெயர் கொடுத்தார். நாக்கில் இனிப்பை மறைப்பது வேறு, இரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

இரத்தச் சர்க்கரைக்கான ஆராய்ச்சி சென்னைப் பல்கலைக் கழக உயிர் வேதியியல் துறையில் பேராசிரியர் சண்முகசுந்தரம் குழுவினரால் நடந்து, முடிவுகள் 1990-ல் வெளியாயின. சர்க்கரை மாத்திரை சாப்பிட்டு வந்த 22 பேருக்கு, மாத்திரையோடு சேர்த்துச் சிறுகுறிஞ்சான் இலைச் சாறு ஒன்றை நாள் ஒன்றுக்கு 400 மில்லி கிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் வரை கொடுத்தார்கள். இரத்தச் சர்க்கரை குறைந்தது. மாத்திரையின் அளவையும் குறைக்க முடிந்தது. 22 பேரில் 5 பேர் மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தச் சாற்றில் மட்டும் இருக்க முடிந்தது.

இந்த ஐந்து பேரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மீதிப் பதினேழு பேரை யாரும் பேசுவதில்லை! அவர்களுக்கு மாத்திரை தேவைப்பட்டுக்கொண்டேதான் இருந்தது. அந்த ஐந்து பேரும் தாமாக நிறுத்தவில்லை. இரத்தத்தைச் சோதித்துப் பார்த்து நிறுத்தப்பட்டது. தவிர, கொடுத்தது அளவிட்டு எடுத்த சாறு. நம் வீட்டு அம்மியில் அரைக்கும் ஒரு கைப்பிடி இலையில் சத்து எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு பேரை வைத்துச் செய்த சோதனையை ஊருக்கே பொதுவாக்குவதும் சரியல்ல.

இலை வேலை செய்யாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை செய்கிறது என்பதாலேயே சொல்ல வேண்டியிருக்கிறது. மாத்திரையும் விழுங்கி, இலையையும் தின்று, கஞ்சி குடிக்காமல் வெயிலில் களை வெட்டப் போனால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். உடல் வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அப்போது உடனே சர்க்கரையோ வெல்லமோ கொடுக்க வேண்டும். ஆள் நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆகவே இலை சாப்பிட விரும்புகிறவர்கள், மாத்திரை கொடுத்த டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

நித்தியகல்யாணிக்கு வருவோம். சுடுகாட்டு மல்லி என்று நாம் சொல்லும் இந்தச் செடியின் பூவையும் வேரையும் சர்க்கரைக்குக் கஷாயம் போட்டுக் குடிப்பவர்கள் உண்டு. மேற்கிந்தியத் தீவான ஜமைக்காவிலும் இதே வழக்கம் இருந்தது. அங்கிருந்து 1952-ல் வந்த இலைகளைக் கனடா நாட்டில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் சோதித்தார்கள். எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகளின் வெள்ளை அணுக்கள் சரிந்து, நோய் தொற்றி அவை இறந்தன. அதைத் தொடர்ந்து போய் அவர்கள் பிரித்தெடுத்து 1958-ல் வெளியிட்டதுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. உலகத்துக்கு அது பெரிய நன்மை. ஆனால் புற்றுநோய் மருந்து எடுக்கும் செடியைத் தினமும் காலையில் கஷாயம் வைத்துக் குடிப்பது சரியா என்று நீங்களே யோசியுங்கள். மானாவாரியில் இதைப் பயிர் செய்து விற்கலாம், தவறில்லை. குடிக்க வேண்டாம்.

சர்க்கரை உள்ள விவசாயிக்கு இலையை விட அவசரமானது செருப்பு. நோய் முற்றினால் பாதம் மரத்துப்போய், கருவேல முள் குத்தினாலும் தெரியாது. சீழ் பிடித்த பிறகே தெரியும். காலை எடுக்கும்படி ஆவது பெரும்பாலும் இப்படித்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

இனி மண்ணுக்குள் போவோம். கடலை முளைத்து மூன்று நான்கு வாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடி வாடி நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். வேர்ப்பட்டை நைந்து உரியும். இது வேரழுகல். தண்டின் அடியில் வெள்ளை நூலாகப் படர்ந்து, கடுகு போன்ற உருண்டைகள் தெரிந்தால் அது தண்டழுகல். இரண்டுமே மண்ணில் உள்ள பூசணத்தால் வருபவை. கட்டையிலும் மண்ணிலும் தங்கி அடுத்த பட்டத்துக்கும் காத்திருக்கும். வாடிய செடிக்கு மேலே எந்த மருந்தை அடித்தும் பயனில்லை.

பூசணத்தைப் பூசணத்தாலேயே அடக்கும் வழி இங்கேதான் உதவுகிறது. டிரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூசணம், பயிரைக் கெடுக்கும் பூசணத்தின் இழையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைத்து உண்டுவிடுகிறது. இதை 1932-லேயே வெய்ண்ட்லிங் என்ற விஞ்ஞானி எழுதிவைத்தார். கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகத்தார் 1990-களில் இதை டால்க் பொடியில் கலந்து, விவசாயிகள் கையாளும்படி செய்தார்கள். சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவும் அவ்வாறே பொடியாகக் கிடைக்கிறது.

ஒரு கிலோ விதைப் பருப்புக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் போதும். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு என்றால் 200 கிராம். சூடோமோனாஸ் என்றால் கிலோவுக்கு 10 கிராம் வேண்டும். கடலைப் பருப்பின் தோல் மெல்லியது. சாக்கில் போட்டு மெதுவாகப் புரட்ட வேண்டும். தோல் உரிந்த பருப்பு முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும். ரைசோபியம் சேர்ப்பதாக இருந்தால் முதலில் டிரைக்கோடெர்மா, அதன் மேல் ரைசோபியம். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையில்லை.

பகை எதற்கென்றால் இரசாயனப் பூசணக் கொல்லிக்கு. "இரண்டையும் கலந்தால் இரட்டைப் பலன்" என்று எண்ணிக் கார்பென்டசிமோடு டிரைக்கோடெர்மாவைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். பூசணக் கொல்லிக்கு நல்ல பூசணம், கெட்ட பூசணம் என்ற பேதம் தெரியாது. காசு கொடுத்து வாங்கிய பூசணத்தையே கொன்றுவிடும். ஏற்கெனவே மருந்து கலந்து சாயம் ஏற்றிய விதையாக இருந்தால் அதன் மேல் இதைத் தடவ வேண்டாம். அதற்குப் பதிலாக விதைத்த 30-ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு கிலோ பொடியை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது தூவலாம். இது உயிருள்ள பொருள். பாக்கெட்டில் தயாரித்த தேதியைப் பார்த்து வாங்குங்கள், வெயிலில் போட்டுவைக்காதீர்கள். வந்துவிட்ட நோயை இது குணமாக்காது, வராமல் தடுப்பதே இதன் வேலை.

பயிருக்குப் பச்சிலைச் சாறு கேட்கும் இடங்களும் உண்டு. உளுந்து இலையில் மாவு தூவியது போல் வரும் சாம்பல் நோய்க்கு வேப்பங்கொட்டைப் பருப்புச் சாறு 5 சதம், நோய் தென்பட்டவுடன் ஒரு முறையும் பத்து நாள் கழித்து ஒரு முறையும் தெளிக்க வேண்டும். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைத்து மாலையில் தெளிப்பது முறை. இதே நோய்க்குத் தைலமர இலைச் சாறு 10 சதமும் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. அதாவது 10 லிட்டர் கரைசலுக்கு ஒரு கிலோ இலை. தைலமரம் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டது என்று நம் மாவட்டத்தில் உள்ள மனக்குறை தெரிந்ததுதான். இலையாவது நமக்கு உதவட்டும்!

கடலையின் மொட்டுக் கருகலுக்குத் தென்னை அல்லது சோளத் தழைச் சாறு. உலர்ந்த தழைப் பொடி ஒரு கிலோவை 2 லிட்டர் தண்ணீரில் 60 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, வடிகட்டி, 10 லிட்டராக்கி, விதைத்த 10-ஆம் நாளும் 20-ஆம் நாளும் தெளிக்க வேண்டும். கை பொறுக்காத சூடு, ஆனால் கொதி வரக் கூடாது. உளுந்தின் மஞ்சள் தேமலுக்கு மட்டும் எந்தச் சாற்றையும் நம்பி உட்கார வேண்டாம். தேமல் கண்ட செடியைப் பிடுங்கி அழிப்பதும், வம்பன் 8 போன்ற தாங்கும் இரகத்தை விதைப்பதுமே வழி.

சிறுகுறிஞ்சானையே பயிராக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த இலைக்கு விலை உண்டு. ஆனால் வாங்குபவர் யார், என்ன விலை என்று எழுத்து மூலம் தெரிந்துகொள்ளாமல் பந்தல் போட வேண்டாம்.

ஆலங்குடியை அடுத்த வம்பனில் தேசிய பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. வாடிய செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துச் சென்று காட்டினால் எந்த அழுகல் என்று சொல்வார்கள். வேப்பங்கொட்டை வேண்டியவர்கள் ஆனி, ஆடியில் பழம் உதிரும்போதே பொறுக்கி, சதை போகக் கழுவி, நிழலில் உலர்த்திச் சாக்கில் கட்டிவையுங்கள். மார்கழி உளுந்துக்கு அதுவே போதும். எட்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்த கொட்டையில் வீரியம் இருக்காது.