கடலுக்கு நிறம் தந்த கைகள்

இத்தாலியக் கலைஞர் அலிகியேரோ போயெட்டி 1971-ஆம் ஆண்டில் பழம்பெரும் நகரமாகிய காபூலுக்குச் சென்றார். அங்குத் தங்கி, உலகப்படத்தைத் துணியில் வரைவித்துப் பூத்தையலில் வல்ல ஆப்கானியப் பெண்களிடம் அளித்தார். ஒவ்வொரு நாட்டின் எல்லைக்குள்ளும் அந்நாட்டுக் கொடியை அவர்கள் வண்ணநூலால் தைத்தனர்.

ஆப்கானிஸ்தானத்திற்குக் கடற்கரை இல்லை. படங்களில் கடலை நீலமாகத் தீட்டும் வழக்கத்தை அறியாத அப்பெண்கள், ஒருமுறை அதனை இளஞ்சிவப்பு நூலால் நிரப்பினர். போயெட்டி அதனைப் பிழையெனத் தள்ளவில்லை. கடலின் நிறத்தைத் தேரும் உரிமையைப் பின்னர் அவர்களிடமே விட்டார்.

1979-இல் சோவியத் படை ஆப்கானிஸ்தானத்துள் புகுந்தது. எனினும், பெஷாவரில் அடைக்கலம் புகுந்த ஆப்கானியர் அப்பணியைத் தொடர்ந்தனர்.

இன்று அப்படங்கள் அருங்காட்சியகங்களில் போயெட்டியின் பெயரால் விளங்குகின்றன. தைத்த பெண்களுள் பெரும்பாலோரின் பெயரை உலகம் அறியாது. கருத்து அவருடையது, நிறமும் உழைப்பும் அவர்களுடையவை. இரண்டையும் ஒருங்கே மதித்தலே கலையறிவாகும்.