நகத்தினடியில் ஒரு நோவு

விரலிலே வீக்கமில்லை, காயமுமில்லை. ஆயினும் குளிர்நீர் பட்டதும் உயிர் போவது போன்ற நோவு. இவ்வாறு வருந்துவோருட் பலர் பெண்கள். 'வெறும் நரம்புத் தளர்ச்சி' என்று அவர்களை ஆண்டுக்கணக்காய் ஒதுக்கிவிடுவது நியாயமன்று என்போம்.

தோலின் சூட்டைச் சீர்செய்யும் நுண்ணிய இரத்தக்குழாய் முடிச்சுகள் நகத்தின் கீழ் உள. அவற்றிலிருந்து அரிதாக எழும் கழலையே குளோமஸ் கட்டி. 1924இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் மசோன் இதனை ஆராய்ந்து விளக்கினார். இரைப்பையிலும் இது அபூர்வமாகத் தோன்றுவதுண்டு.

நகத்திலே சோதனை எளிது. குண்டூசித் தலையால் அங்குமிங்கும் அழுத்தினால், ஒரே புள்ளியில் நோயாளி துடிப்பார். சற்றுத் தள்ளி அழுத்தினால் ஒன்றுமில்லை! பெரும்பாலும் இது புற்றுநோயன்று. சத்திர சிகிச்சையால் முற்றாக அகற்றினால் நோவு தீரும்; சிறிது எஞ்சினாலோ மீண்டும் தலைகாட்டும்.