அரசியல் சாய்வை அளக்க முடியுமா?

"நீங்கள் இடதுசாரியா, வலதுசாரியா?" என்று யாரேனும் உங்களைக் கேட்டால் என்ன விடை தருவீர்கள்? நம்மில் பலர் ஒரு கட்சியின் பெயரைச் சொல்வோம். சிலர் சிரித்து மழுப்பிவிடுவோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ இக்கேள்வியை ஆயிரக்கணக்கானோரிடம் மீண்டும் மீண்டும் கேட்டு, விடைகளை எண்களாக்கி, பல்லாண்டுக் கணக்கு வைத்திருக்கின்றனர். உடலின் வெப்பத்தை அளக்க வெப்பமானி இருப்பதுபோல் மனிதரின் அரசியல் சாய்வை அளக்கவும் ஒரு கோல் உண்டு என்பது அங்குள்ள ஆய்வாளர்களின் எண்ணம். அந்தக் கோலை எடுத்துக்கொண்டு, சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரிக்கரைக்குச் சென்றால் அங்குள்ள மீனவர் குப்பங்களில் அது என்ன காட்டும்? இதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் கோலின் பிறப்பைப் பார்ப்போம். இடது, வலது என்னும் சொற்கள் 1789-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசியலுக்குள் நுழைந்தவை. தேசிய மன்றத்தில் மன்னரின் அதிகாரத்தைக் காக்க விரும்பியோர் தலைவருக்கு வலப்புறமும், அதைக் குறைக்க விரும்பியோர் இடப்புறமும் அமர்ந்தனர். உட்கார்ந்த இடமே பின்னர் கொள்கையின் பெயராகிவிட்டது. அமெரிக்கர்கள் இடத்துக்கு 'லிபரல்' என்றும் வலத்துக்கு 'கன்சர்வேடிவ்' என்றும் பெயர் வைத்தனர். எளியோருக்கும் சிறுபான்மையினருக்கும் அரசு கைகொடுக்க வேண்டும் என்பவர் லிபரல். அரசு ஒதுங்கி நிற்கட்டும், குடும்பமும் சமயமும் மரபும் சந்தையும் வாழ்க்கையை நடத்திக்கொள்ளும் என்பவர் கன்சர்வேடிவ். (ஐரோப்பாவில் லிபரல் என்றால் பெரும்பாலும் அரசின் தலையீடு வேண்டாம் என்பவரைக் குறிக்கும். கடலைத் தாண்டியதும் சொல் கட்சி மாறிவிட்டது!)

1972-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வில் ஏழு படிகள் கொண்ட ஓர் ஏணியைக் காட்டி, "இதில் உங்கள் இடம் எது? அல்லது இதைப் பற்றி அதிகம் சிந்தித்ததில்லையா?" என்று கேட்டு வருகின்றனர். ஒரு முனையில் தீவிர லிபரல், மறு முனையில் தீவிர கன்சர்வேடிவ், நடுப்படியில் நடுநிலையாளர். காலப் என்னும் நிறுவனமும் இதுபோன்ற கேள்வியைக் கேட்கிறது. அதன் 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 100-க்கு 37 பேர் தம்மைக் கன்சர்வேடிவ் என்றும், 34 பேர் நடுநிலை என்றும், 25 பேர் லிபரல் என்றும் கூறினர். எண்கள் துல்லியமாகத்தான் தோன்றுகின்றன.

ஆனால் கோல் எதை அளக்கிறது? ஐயத்தை முதலில் வலுவாக எழுப்பியவர் பிலிப் கான்வர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். 1956-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மக்கள் தம் சொந்தச் சொற்களில் கூறிய விடைகளைப் பகுத்து, 1964-இல் ஒரு கட்டுரை எழுதினார். லிபரல், கன்சர்வேடிவ் போன்ற கருத்துகளைக் கொண்டு அரசியலை உண்மையில் எடைபோட்டவர்கள் 100-க்கு மூவர்கூட இல்லை; கொஞ்சம் விட்டுக்கொடுத்து எண்ணினாலும் எட்டில் ஒருவரைத் தாண்டவில்லை. மிகப் பலர், "இந்தக் கட்சி உழவருக்கு நல்லது", "அந்தக் கட்சி தொழிலாளருக்கு ஆகாது" என்று தம் கூட்டத்தின் நன்மையை வைத்தே பேசினர். ஏழுபடி ஏணி வந்த 1972-ஆம் ஆண்டிலேயே நான்கில் ஒருவருக்கு மேல், தம் இடத்தைச் சொல்ல இயலவில்லை அல்லது அதைப் பற்றிச் சிந்தித்ததில்லை என்றனர்.

இதைவிட வியப்பானது லாயிட் ஃப்ரீ, ஹாட்லி கான்ட்ரில் ஆகிய இருவர் 1967-இல் வெளியிட்ட நூலின் செய்தி. அரசின் தலையீடு பற்றிப் பொதுவாகக் கேட்டபோது ஏறத்தாழப் பாதி அமெரிக்கர் கன்சர்வேடிவாக விடையளித்தனர். முதியோர் மருத்துவம், கல்வி, வீட்டு வசதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதோ மூவரில் ஏறத்தாழ இருவர் "அரசு செய்யத்தான் வேண்டும்" என்று லிபரல் பக்கம் நின்றனர். அரசு வேண்டாம் என்றவரும் அரசின் உதவியை வேண்டியவரும் பல நேரங்களில் ஒரே ஆள்! 1980-களில் செய்த ஒரு சோதனையும் இதற்குத் துணை. 'வெல்ஃபேர்' என்னும் சொல்லைப் போட்டு, அரசு இதற்குப் போதிய பணம் செலவிடுகிறதா என்று கேட்டால், போதவில்லை என்றவர்கள் நால்வரில் ஒருவருக்கும் குறைவு. அதையே 'ஏழைகளுக்கு உதவி' என்று மாற்றிக் கேட்டதும் மூவரில் ஏறத்தாழ இருவர் போதவில்லை என்றனர்.

ஒருவர் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர் வேறு, அவர் வாழ்வில் கடைப்பிடிக்கும் மதிப்பு வேறு. பெயரைக் கேட்டால் பெயர்தான் கிடைக்கும். மதிப்பை அறிய வேண்டுமானால், மக்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட விதிகளைப் பார்ப்பதே நல்ல வழி என்பது என் கருத்து. பழவேற்காட்டுக்குப் போக வேண்டிய காரணமும் இதுவே.

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரியையும் கடலையும் பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியாறும் நன்னீர் கொண்டுவருகின்றன. பழவேற்காட்டு ஊரருகே உள்ள முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வந்து போகிறது. ஏரி மிகவும் ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஒரு மனிதன் நின்றபடியே வேலை செய்யலாம்.

இங்கே இறாலின் வாழ்க்கையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. மிகச் சிறிய குஞ்சுகள் ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைந்து, இரை மிகுந்த ஆழமற்ற நீரில் வளர்கின்றன. ஓரளவு வளர்ந்ததும் வற்றத்தோடு மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே, ஏரி முழுவதிலும் பரவியிருந்த இறால் கடலுக்குப் போகும்போது ஒரு குறுகிய வாயில் வழியாகத்தான் போயாக வேண்டும். வாயிலருகே கழி ஊன்றி வலை கட்டுபவருக்கு நல்ல வேட்டை. ஆனால் அங்கு இடம் சிறிது, ஆட்களோ பலர். வலிமையுள்ளவன் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டால் நாள்தோறும் கைகலப்புதான் மிஞ்சும்.

இதற்கு மீனவர் கண்ட விடை 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சமூகத்தினர், முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களை முறைவைத்தும் குலுக்கல் போட்டும் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. செபாஸ்டியன் மாத்யூ இதை ஆராய்ந்து எழுதிய அறிக்கையை 1991-இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் வெளியிட்டது. நல்ல இடம் எவருக்கும் நிலையான சொத்தன்று. இன்று நல்ல இடம் பெற்றவர் முறை வரும்போது விட்டுக்கொடுத்தாக வேண்டும். பணக்காரர் என்பதற்காக இரு சீட்டுக் கிடையாது. கேரளத்துக் காயல்களிலும் இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதையொத்த முறைகள் உள்ளன. துருக்கியில் அலான்யா என்னும் ஊரின் மீனவர்கள் செப்டம்பரில் குலுக்கல் போட்டு, நாளுக்கு ஓர் இடமாகக் கிழக்கே நகர்ந்து, ஜனவரிக்குப் பின் மேற்கே திரும்புவதை எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் 1990-இல் வெளியான தம் நூலில் எடுத்துக்காட்டினார். பொதுச் சொத்து என்றால் அழிந்தே தீரும் என்று காரெட் ஹார்டின் 1968-இல் எழுதியதற்கு இத்தகைய ஊர்களே மறுப்பு. ஆஸ்ட்ரம் 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார்.

இப்போது ஏழுபடி ஏணியைப் பாட்டின் பக்கத்தில் நிறுத்துங்கள். எல்லாருக்கும் சம பங்கு, பணத்துக்குச் சலுகையில்லை: இது இடது முனை. பாட்டன் வழி வந்த வழக்கம், ஒரே சாதிக்கு உரியது, உறுப்பினர் ஆண்கள் மட்டுமே: இது வலது முனை. அரசு இல்லாமல் ஊரே தன்னை ஆள்கிறது: அமெரிக்கக் கன்சர்வேடிவ் கைதட்டுவார். விரும்பிய இடத்தில் தொழில் செய்யும் தனிமனித உரிமையை ஊர் கட்டுப்படுத்துகிறது: அதே கன்சர்வேடிவ் முகம் சுளிப்பார். நான்கையும் கூட்டிச் சராசரி எடுத்தால் நடுப்படி வரும். கோட்டைக்குப்பத்து மீனவர் 'நடுநிலையாளர்' ஆகிவிடுவார். இதைவிடத் தவறான விவரிப்பு இருக்க முடியாது.

இந்தத் தவற்றை ஏரியைக் கொண்டே விளக்கலாம். மழைக்காலத்தில் ஆற்றுமுகத்தருகே நீர் கிட்டத்தட்ட நன்னீர், முகத்துவாரத்தருகே கடலுப்பு. கடுங்கோடையில் சில பகுதிகள் கடலைவிட உப்பாகிவிடும். "ஏரியின் சராசரி உப்பு இவ்வளவு" என்று ஓர் எண்ணைச் சொன்னால் கணக்குப் பிழையில்லை. ஆனால் எந்த மீன் எங்கே வாழும் என்பதை அந்த எண் சொல்லாது.

அப்படியானால் இந்தியருக்குக் கொள்கையே இல்லையா? அவ்வாறு சொல்பவர்கள் உண்டு. 2018-இல் வெளியான ஒரு நூலில் பிரதீப் சிப்பரும் ராகுல் வர்மாவும் அதை மறுத்தனர். நம் நாட்டில் கொள்கைப் பிளவு வேறு இரு கேள்விகளில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். சமூகத்தின் வழக்கங்களையும் சொத்தையும் அரசு எந்த அளவுக்கு மாற்றியமைக்கலாம் என்பது ஒன்று. பின்தள்ளப்பட்டோருக்கும் சிறுபான்மையினருக்கும் அரசு தனி இடம் தர வேண்டுமா என்பது மற்றொன்று. ஒரே கோட்டுக்குப் பதிலாக, குறுக்கே வெட்டும் இரு கோடுகளை வரைந்துகொள்ளுங்கள்.

பழவேற்காட்டில் இவ்விரு கோடுகளும் புத்தகத்துக்கு வெளியே, தண்ணீரிலேயே கிடக்கின்றன. ஏரியை நம்பி வாழ்வோர் மூன்று ஊரார் மட்டுமல்லர். பாட்டு உரிமையில்லாத மற்றக் குப்பத்தார் உண்டு. தாழ்த்தப்பட்ட சமூகத்தார் உண்டு. நீருக்குள் அமர்ந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப்பறியில் போட்டுக்கொள்ளும் இருளர் உண்டு. ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறியபின், நல்ல இடங்கள் சிலருக்கே என்பது பூசலுக்குக் காரணமாயிற்று. சாரா கோல்ட்ஹார்ட் என்ற ஆய்வாளர் 2011-இல் எழுதியதுபோல், பாடு என்பது வெறும் இறால் கணக்கன்று. அதை உடையவருக்கு அது ஊரில் ஒரு மதிப்பு, ஓர் அடையாளம். அதனால்தான் விட்டுக்கொடுப்பதும் எளிதாக இல்லை. சாதியின் பெயரால் வேற்றுமை கூடாது என்னும் அரசியலமைப்பை ஒருவர் காட்டலாம். உறுப்பினர் எண்ணிக்கையை அளவோடு வைத்ததால்தான் சண்டை குறைந்தது என்று மற்றொருவர் பழைய வழக்கைக் காட்டலாம். இரண்டு வாதத்துக்கும் எடையுண்டு. பிறப்பால் ஒருவரை வெளியே நிறுத்தும் விதிக்கு, உள்ளே நிலவும் சமத்துவம் ஈடாகாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரசு பற்றிய கேள்வியும் இங்கே நேராக இல்லை. குலுக்கலில் அதிகாரி தலையிடுவதைப் பாட்டுக்காரர் விரும்பமாட்டார். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் கடல்நீர் வராது, இறால் குஞ்சும் வராது. ஆகவே அதைத் தூர்வாரி நிலையாகத் திறந்து வைக்க அரசு முன்வர வேண்டும் என்பது இம்மீனவரின் நெடுநாள் கோரிக்கை. ஃப்ரீயும் கான்ட்ரிலும் கண்ட அமெரிக்கரை இங்கே உங்களுக்கு நினைவு வருகிறதல்லவா?

ஆகவே நீங்கள் என்றேனும் வினாத்தாளோடு இக்கரைக்குப் போனால் ஏணியைப் பையிலேயே வைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குலுக்கல் போட்டுப் பங்கிடுவது நியாயமா? குலுக்கலில் யார் யார் பெயர் இருக்க வேண்டும்? அதை முடிவு செய்ய வேண்டியது ஊரா, அரசா? முதல் கேள்விக்குக் கோட்டைக்குப்பத்து வலைக்காரரும் ஓலைப்பறி ஏந்திய இருளர் பெண்ணும் ஒரே விடை சொல்லக்கூடும். இரண்டாவது கேள்விக்கு இருவர் சொல்வதையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டிச் சராசரி போட்டுவிடாதீர்கள்.