நீலகிரி ஓடையில் தூண்டில்

குண்டலுபேட்டையில் ரயில் கிடையாது. அப்படியிருந்தும் ஓய்வு பெற்ற ரயில்வேக்காரனாகிய நான் இங்கே வந்து குடியேறியிருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் நண்பர்கள்தான். சென்ற சங்கக் கூட்டத்தில் நம் இளைஞர் இருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நீலகிரி ஓடைகளில் 'ஃப்ளை ஃபிஷிங்' செய்யப் போகிறார்களாம். புதுத் தூண்டிலும் வாங்கிவிட்டார்கள். எந்த ஓடை என்று கேட்டேன். "போய்ப் பார்த்துத்தான் சார்" என்றார்கள். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் இந்த வித்தை என்னவென்று பார்ப்போம். நம்மில் பலரும் சிறு வயதில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து மீன் பிடித்தவர்கள்தாம். மண்புழு, தக்கை, தங்கூஸ் நரம்பு, நுனியில் ஒரு துண்டு ஈயம். ஈயத்தின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் எல்லாம் தலைகீழ். முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஈ போலச் செய்த பொய் இரை இருக்கும். அதற்குக் கனமே இல்லை. ஆகவே கயிற்றையே தடிமனாகவும் கனமாகவும் செய்திருப்பார்கள். சாட்டையைச் சுழற்றுவது போல் கோலைப் பின்னால் கொண்டுபோய், கயிறு முதுகுப்புறம் முழுக்க நீளும் வரை ஒரு கணம் பொறுத்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு கணப் பொறுமை இல்லாதவன் தன் காதையே பிடிப்பான். நான் என் சட்டைக் காலரை மூன்று முறை பிடித்தேன்.

இதில் அகப்படும் டிரவுட் மீன் நம் நாட்டு மீன் அன்று. 1860களில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய மருத்துவர் நீலகிரிக்கு டிரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். பின்னர் எச். சி. வில்சன் என்பவர் மேற்கொண்ட முயற்சி பலித்து, 1907-ஆம் ஆண்டு அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது. அங்கே தங்கி நிலைத்தது வட அமெரிக்காவைச் சேர்ந்த வானவில் டிரவுட். இதற்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த ஓடும் நீர் வேண்டும். கீழே இறங்கி நீர் சூடாகிவிட்டால் பிழைக்காது. அதனால்தான் மேலே ஊட்டிப் பக்கம் இருக்கிறது, நம் கபினியில் இல்லை. கபினிக்கு வேறு பெருமை உண்டு. 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் அங்கே 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ எடையுள்ள மாசீர் மீனைத் தூண்டிலில் பிடித்தார். அந்தக் கூன்முதுகு மாசீருக்கு விஞ்ஞானப் பெயரே 2018-ல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. வந்தேறிய மீன் மலையில் சுகமாக இருக்க, மண்ணின் மீன் ஆற்றில் அருகிவிட்டது.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். 1994 ஏப்ரல். அப்போது நான் மைசூர்–சாமராஜநகர் மீட்டர் கேஜ் பாதையில் பணி புரிந்தேன். குண்டலுபேட்டை அன்று மைசூர் மாவட்டத்திலேயே இருந்தது. நாங்கள் நால்வர்: நான், இவ்வூர் மஞ்சள் வியாபாரி, ஒரு பள்ளி ஆசிரியர், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து இந்த வித்தையைக் கற்றிருந்த ஒரு நண்பர். ஆசிரியர் சுத்த சைவம். வேடிக்கை பார்க்க வந்தவர். வீரப்பன் நடமாடிய காலம் அது. சோதனைச் சாவடியில் தூண்டில் கோல் வைத்திருந்த குழாயைத் துப்பாக்கி உறை என்று நினைத்து எங்களை இறக்கிவிட்டார்கள். பொய் ஈக்களைக் காட்டியதும் அந்தக் காவலர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஊட்டியில் மீன் பிடிக்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, அவலாஞ்சிப் பக்கம் ஓர் ஓடைக்குப் போனோம். நால்வருக்கும் புது ஓடை. புது ஓடையைப் படிப்பதற்குச் சில வழிகள் உண்டு. டிரவுட் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து, மேல்நோக்கியே முகம் வைத்து நிற்கும். உணவு அந்தப் பக்கமிருந்துதான் மிதந்து வரும். எனவே நாம் கீழிருந்து மேலாக, அதன் முதுகுப்புறம் நடக்க வேண்டும். விரைந்தோடும் நீரும் நின்ற நீரும் உரசும் கோட்டில், பாறையின் மறைவில், அது காத்திருக்கும். உழைப்புக் குறைவு, வரும்படி அதிகம் என்ற இடத்தில் நிற்பது மனிதருக்கும் மீனுக்கும் பொதுவான குணம். காலடி அதிர்ச்சியும் நிழலும் நீரில் பட்டால் ஓடிவிடும்.

இவையெல்லாம் மீனுக்கு. மனிதனுக்கு வேண்டிய பாடம் என் உத்தியோகத்தில் கிடைத்தது. நஞ்சன்கூட்டில் கபினி மீது 1735-ல் கட்டிய கல் பாலத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் அப்போது ரயிலும் ஓடியது. எந்த ரயில் பாலத்தின் தூணிலும் இரண்டு கோடுகள் இருக்கும்: இதுவரை கண்ட உச்ச வெள்ள மட்டம் ஒன்று, அபாய மட்டம் ஒன்று. ஓடையில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை, ஆனால் ஓடையே போட்டு வைத்திருக்கிறது. கரையோரப் புதர்களில் எந்த உயரத்தில் காய்ந்த புல்லும் சுள்ளியும் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். அன்று அது என் தலைக்கு மேல் இருந்தது. பழக்க தோஷத்தால் நீர் விளிம்பில் மூன்று கற்களை அடுக்கி அடையாளம் வைத்தேன். "இன்ஸ்பெக்ஷனா?" என்று நண்பர்கள் கேலி செய்தார்கள்.

மதியம் இரண்டு மணி. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மேற்கு முகட்டில் மட்டும் கருமேகம். தூரத்தில் ஓர் இடி. மஞ்சள் வியாபாரி ஓடை நடுவே ஒரு பாறையில் நின்று வீசிக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்த்தபோது என் கற்களில் கீழ்க் கல்லைக் காணோம். கண்ணாடி போலிருந்த நீர் டீ நிறமாகியிருந்தது. சருகுகள் மிதந்து வந்தன. கத்தினேன். "ஒரே நிமிஷம், மீன் எழும்புது" என்றார். ஆசிரியர் அதட்டிய பிறகே இறங்கினார். போகும்போது முழங்காலளவு இருந்த நீர் இப்போது இடுப்பைத் தொட்டது. பாதி வழியில் கால் வழுக்கியது. தூண்டில் போயிற்று. நாங்கள் மூவரும் மணிக்கட்டைப் பிடித்துச் சங்கிலியாக இறங்கி, அவர் நீட்டிய கையைப் பற்றி இழுத்தோம். கால் மணி நேரத்தில் அந்தப் பாறை கண்ணுக்குத் தெரியவில்லை.

நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. வேகமும் கூடி ஆழமும் கூடும்போது நிற்பது இயலாது. ஆகவே முழங்காலுக்கு மேல் ஓடும் நீரைக் கடக்க வேண்டாம். கடந்தே தீர வேண்டுமானால் மேல்நோக்கிப் பார்த்து, ஊன்றுகோலை மூன்றாவது காலாக வைத்து, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் எடுங்கள். நீர் கலங்கினாலோ, சருகு கூடினாலோ, ஓசை மாறினாலோ உடனே கரையேறுங்கள். உங்கள் தலைக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலையில் மின்வாரிய அணைகளும் பல. அவற்றுக்குக் கீழே மழையின்றியும் நீர் உயரும்.

அன்று எங்களுக்குக் கிடைத்தவை இரண்டே மீன்கள். ஒன்று ஒரு சாண் கூட இல்லை, விட்டுவிட்டோம். மற்றதை மூவர் பங்கிட்டோம்.

இன்று எல்லா ஓடைகளிலும் இறங்க முடியாது. தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றுக்குள் மீன் பிடிப்பது குற்றம். எங்கே அனுமதி உண்டென்று மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் முதலில் கேளுங்கள். பந்திப்பூர் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு மூடப்பட்டு காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. ஆகவே தம்பிகள் இருவரும் ஐந்தரைக்கு என் வீட்டுக்கு வந்துவிடலாம். காப்பி தயாராக இருக்கும். மஞ்சள் வியாபாரியையும் வரச் சொல்லியிருக்கிறேன்.