பிறந்ததும் அழாத குழந்தை: தண்ணீரும் பகையாகலாம்!

கொல்லி மலையின் மேலே இருக்கிறது செம்மேடு. காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் அங்கே போக வேண்டும்.

அந்த மலையில் ஒரு வீட்டில் குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "குவா, குவா" சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்தே முனகுகிறது.

"பிழைத்துவிட்டது! தொண்டை வறளுமே, சீனித் தண்ணீர் தொட்டு வையுங்கள்" என்கிறாள் பாட்டி.

பாட்டியின் அன்பு பெரிது. ஆனால் அந்தத் தண்ணீர் ஆபத்து! ஏன்?

நீரை விடாத ஹார்மோன்

அழுகையோடுதான் முதல் மூச்சு வருகிறது. மூச்சு தாமதித்தால் பிராணவாயு குறைகிறது. மூளை தவிக்கிறது.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி உண்டு. பெயர் பிட்யூட்டரி. தவிப்பு வந்ததும் அதிலிருந்து 'வாசோபிரசின்' என்ற ஹார்மோன் அதிகமாக வெளியே வருகிறது. "நீரை வெளியே விடாதே!" என்று சிறுநீரகத்துக்குக் கட்டளை இடுகிறது. சிறுநீர் குறைகிறது. உடம்பில் நீர் தேங்குகிறது.

இந்த ஹார்மோன் அளவு மீறினால் வரும் கோளாறை 1957-ல் சுவார்ட்ஸ், பார்ட்டர் என்ற அமெரிக்க டாக்டர்கள் பெரியவர்களிடம் கண்டு சொன்னார்கள். மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளிடமும் இது பின்னர் தெரியவந்தது.

ரசமும் ரத்தமும்

உப்பு சரியாக உள்ள ரசத்தில் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றினால்? சப்பென்று ஆகிவிடும். ரத்தமும் அப்படியே. அதில் உள்ள சோடியம் என்ற உப்பு 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். நீர் கூடினால் இந்த எண் இறங்கும். மிகவும் இறங்கினால் மூளை வீங்கும், வலிப்பு வரும்.

"அப்படியானால் உப்புக் கொடுக்கலாமே?" கூடாது! சிறுநீரகம் பழுதாகியும் சோடியம் குறையலாம். எது காரணம் என்று டாக்டர்தான் சொல்ல முடியும். எடை, சிறுநீர், ரத்தம் மூன்றையும் பார்த்து, நரம்பு வழியே செல்லும் நீரை அவர் அளந்து கொடுப்பார்.

என்ன செய்ய வேண்டும்?

அழாத குழந்தைக்கு ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வரவேண்டும். அதற்குத் தெரிந்த கை அருகில் இருக்க வேண்டும். எனவே பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். மலைப் பெண்கள் வலி எடுக்கும் வரை காத்திராமல், முன்கூட்டியே போய்ச் சேருவது நல்லது.

வழியிலோ வீட்டிலோ பிறந்துவிட்டால் உடனே 108-ஐ அழையுங்கள். குழந்தையைத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டு, கதகதப்பாகத் தாயின் மார்போடு அணைத்து வையுங்கள். சீனித் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

நன்றாக அழுத குழந்தைக்கும் 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தண்ணீர்கூட வேண்டாம்.

பாட்டியின் அன்புக்கு வேலை இல்லையா? உண்டு! மகளை நேரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவள் அவள்தானே?